கென் மைல்ஸ்: 24 மணி நேரப் பந்தயத்தில் முன்னணியில் இருந்தவர் கடைசியில் வேகத்தைக் குறைத்தது ஏன்?

கார் பந்தய வரலாற்றில் அதிகம் விவாதிக்கப்பட்ட 2-ம் இடம் எது என்று கேட்டால், பந்தய ரசிகர்கள் பலரும் சொல்லும் பெயர் கென் மைல்ஸ். 1966 ஜூன் 19-ம் தேதி, பிரான்ஸின் லெ மான்ஸ் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் அவர் முன்னணியில் இருந்தார். கார் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. துரத்தி வர எதிரணிக் கார்களும் இல்லை. ஆனாலும் கோப்பை அவருக்குக் கிடைக்கவில்லை.

தோற்கடித்தது எதிரணி இல்லை. சொந்த அணியின் முடிவு.

2019-ல் வெளியான 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' படத்தில் கிறிஸ்டியன் பேல் நடித்த கதாபாத்திரம் இவர்தான். படம் பார்த்தவர்களுக்கு முடிவு தெரியும். ஆனால் அந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது, வெறும் 20 மீட்டர் எப்படி ஒரு மனிதரின் வாழ்நாள் சாதனையைப் பறித்தது, படத்தில் எது நிஜம், எது கற்பனை என்பதெல்லாம் பலருக்குத் தெரியாது. விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த கென் மைல்ஸ்?

1918 நவம்பர் 1-ம் தேதி இங்கிலாந்தின் சட்டன் கோல்ட்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தவர் மைல்ஸ். பள்ளிப் படிப்பில் பெரிய ஆர்வம் கிடையாது. சிறு வயதிலேயே உல்ஸ்லி கார் நிறுவனத்தில் தொழில் பழகுநராகச் சேர்ந்துவிட்டார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் ராணுவத்தின் டாங்கிப் பிரிவில் சார்ஜென்ட்டாகப் பணியாற்றினார்.

போர் முடிந்ததும் பழைய கார்களை வாங்கி, பிரித்து, சரிசெய்து பந்தயங்களில் ஓட்ட ஆரம்பித்தார். 1950-களின் தொடக்கத்தில் மனைவி, மகனுடன் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே எம்ஜி கார்களை விற்கும் நிறுவனத்தில் சர்வீஸ் மேனேஜர் வேலை. பகலில் மற்றவர்களின் கார்களைப் பழுதுபார்ப்பது, மிச்ச நேரத்தில் எம்ஜி பாகங்களை வைத்துச் சொந்தமாகப் பந்தயக் கார் கட்டுவது. அப்படிக் கட்டிய கார்களை ஓட்டித்தான் கலிஃபோர்னியாவில் பெயர் வாங்கினார்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மைல்ஸ் வெறும் டிரைவர் இல்லை. மெக்கானிக். ஓட்டும்போதே காரில் எது சரியில்லை என்று கண்டுபிடித்து, பிட்டுக்குத் திரும்பியதும் எதை மாற்ற வேண்டும் என்று சொல்லக்கூடியவர். இந்தத் திறமைதான் பிறகு அவரை ஃபோர்டு நிறுவனத்தின் மிகப்பெரிய திட்டத்துக்குள் கொண்டுவந்தது.

24 மணி நேரப் பந்தயம்னா என்ன?

மைல்ஸின் கதை புரிய வேண்டுமென்றால், முதலில் எண்டியூரன்ஸ் பந்தயம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

சாதாரணப் பந்தயத்தில் இத்தனை சுற்று என்று இலக்கு இருக்கும். அதை முதலில் முடிப்பவர் வெற்றியாளர். லெ மான்ஸில் அப்படி இல்லை. சனிக்கிழமை மாலை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை மாலை வரை 24 மணி நேரம் பந்தயம் ஓடும். அந்த நேரத்துக்குள் அதிக தூரம் போன கார் எதுவோ, அதுதான் முதலிடம்.

வெற்றி காருக்குத்தான் கணக்கு, தனி ஆளுக்கு இல்லை. ஒரே காரை மாறி மாறி ஓட்டுவார்கள். 1960-களில் ஒரு காருக்கு இரண்டு டிரைவர்கள். இப்போது பொதுவாக மூன்று பேர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் சாப்பிடுவார், கொஞ்சம் கண் மூடுவார். நடுவில் பெட்ரோல் நிரப்புவது, டயர் மாற்றுவது, பிரேக் பார்ப்பது எல்லாமே பிட் ஊழியர்களின் கையில். பிட்டில் வீணாகும் ஒரு நிமிடத்தை டிராக்கில் மீட்க டிரைவர் பல சுற்றுகள் உயிரைக் கொடுத்து ஓட்ட வேண்டியிருக்கும்.

தனியாக ஓட்டினால் என்ன ஆகும்? அதற்கும் லெ மான்ஸில் ஒரு உதாரணம் உண்டு. 1952-ல் பிரான்ஸின் பியர் லெவே, கூட ஓட்ட வேண்டிய டிரைவர் தயாராக இருந்தும் இடம் கொடுக்காமல் சுமார் 23 மணி நேரம் தானே ஓட்டினார். முதலிடத்திலும் இருந்தார். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக மிச்சம் இருந்தபோது இன்ஜின் உடைந்தது. எல்லாம் போச்சு. ஒற்றை ஆளாக ஜெயிக்க முடியாத பந்தயம் இது என்பதற்கு இன்றும் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

சின்ன வண்டி, அதே சூத்திரம்

இதே முறைதான் இன்று பல நாடுகளில் நடக்கும் எண்டியூரன்ஸ் கார்ட் பந்தயங்களிலும். தரையை ஒட்டி ஓடும் சின்ன கார்ட் வண்டி, அதற்கு மூன்று முதல் ஆறு பேர் வரை கொண்ட அணி, கட்டாய டிரைவர் மாற்றம், ஒருவர் தொடர்ந்து இவ்வளவு நேரம்தான் ஓட்டலாம் என்ற வரம்பு. கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது, பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது. டிராக்கின் ஒவ்வொரு அதிர்வும் கைக்கும் விலா எலும்புக்கும் நேராக வந்து சேரும். அதனால் வேகமான ஒரே ஆளை வைத்திருக்கும் அணியைவிட, தவறு செய்யாத நாலு பேரை வைத்திருக்கும் அணிதான் பெரும்பாலும் முன்னேறும்.

ஒரு சுவாரஸ்யத் தகவல்: உலகின் முதல் கார்ட் வண்டியை ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் 1956-ல் உருவாக்கியது தெற்கு கலிஃபோர்னியாவில்தான். அதாவது, கென் மைல்ஸ் தன் கையால் கார் கட்டிப் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்த அதே பகுதி, அதே காலகட்டம்.

ஃபோர்டுக்கும் ஃபெராரிக்கும் என்ன சண்டை?

1963-ல் இத்தாலியின் ஃபெராரி நிறுவனத்தை விலைக்கு வாங்க அமெரிக்காவின் ஃபோர்டு பேச்சுவார்த்தை நடத்தியது. கையெழுத்தாகும் நேரத்தில் என்ஸோ ஃபெராரி பின்வாங்கினார். கடுப்பான இரண்டாம் ஹென்றி ஃபோர்டு, ஃபெராரியை அதன் கோட்டையிலேயே வீழ்த்துவது என்று முடிவெடுத்தார். அந்தக் கோட்டைதான் லெ மான்ஸ். 1960 முதல் 1965 வரை தொடர்ந்து ஆறு முறை அங்கே ஃபெராரி கார்களே ஜெயித்தன.

ஃபோர்டு உருவாக்கிய ஜிடி40 கார்கள் 1964-ல் லெ மான்ஸில் இறங்கின. மூன்றுமே பாதியில் நின்றன. பணம் கொட்டினால் மட்டும் போதாது என்று புரிந்தது. திட்டம் கரோல் ஷெல்பியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஷெல்பி, 1959-ல் லெ மான்ஸை ஜெயித்த டிரைவர். இதயக் கோளாறால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, கார் தயாரிப்பில் இறங்கியவர். அவருடைய நிறுவனத்தில் சோதனை ஓட்டுநராக இருந்தவர்தான் கென் மைல்ஸ்.

மைல்ஸ் டிராக்கில் மணிக்கணக்கில் ஓட்டினார். பிரேக், ஸ்டீயரிங், கார் தரையில் நிற்கும் தன்மை என ஒவ்வொன்றையும் ஷெல்பியின் குழு மாற்றியது. 1965 பிப்ரவரியில் அமெரிக்காவின் டேடோனா டிராக்கில் நடந்த 2,000 கிலோமீட்டர் பந்தயத்தில் மைல்ஸும் லாயிட் ரூபியும் ஜெயித்தார்கள். ஜிடி40 காரின் முதல் வெற்றி அதுதான்.

ஆனால் அதே ஆண்டு லெ மான்ஸில் மறுபடியும் அடி. புரூஸ் மெக்லாரனுடன் சேர்ந்து மைல்ஸ் ஓட்டிய 7 லிட்டர் இன்ஜின் கார், கியர்பாக்ஸ் கெட்டுப்போய் 45 சுற்றுகளில் வெளியேறியது. இந்த ஆண்டு மைல்ஸ் லெ மான்ஸுக்கே அழைத்துச் செல்லப்படவில்லை என்று படத்தில் காட்டுவார்கள். நிஜத்தில் அவர் அங்கே இருந்தார், ஓட்டினார், தோற்றார்.

டிராக்கில் தெரியாத உழைப்பு

1966-க்கு ஃபோர்டு தயாரான விதம் வேற லெவல். தலைமையகம் இருக்கும் டியர்போர்னில், இன்ஜினை ஒரு சோதனைக் கருவியில் பொருத்தி, லெ மான்ஸ் டிராக்கின் கியர் மாற்றங்களையும் வேகத்தையும் அப்படியே நடத்திப் பார்த்தார்கள். எது முதலில் உடைகிறதோ அதைச் சரிசெய்து, மறுபடியும் ஓட்டினார்கள்.

இன்னொரு தலைவலி பிரேக். சுமார் 6 கிலோமீட்டர் நீளமுள்ள நேர்பாதையில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிப் போகும் கனமான கார், கடைசியில் ஒரு கூர்மையான வளைவுக்காகச் சட்டென்று வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் இதே கதை. அந்தச் சூட்டில் பிரேக் டிஸ்க்குகள் 24 மணி நேரம் தாங்காது. ஷெல்பி குழுவின் பொறியாளர் ஃபில் ரெமிங்டன், பிரேக் பாகங்களைப் பிட்டில் விரைவாகக் கழற்றி மாட்டும் முறையை உருவாக்கினார். இந்தப் பெயர்கள் கோப்பையில் பொறிக்கப்படுவதில்லை. ஆனால் இவர்கள் இல்லாமல் அந்தக் கார் பந்தயத்தை முடித்திருக்க வாய்ப்பே இல்லை.

மைல்ஸுக்கு அந்த ஆண்டு அமோகமாகத் தொடங்கியது. டேடோனா பந்தயம் முதல்முறையாக 24 மணி நேரப் பந்தயமாக மாறியது. மைல்ஸ், ரூபி ஜோடி ஜெயித்தது. மார்ச் மாதம் ஃபுளோரிடாவின் செப்ரிங்கில் 12 மணி நேரப் பந்தயம். முன்னணியில் இருந்த சக ஃபோர்டு அணி டிரைவர் டான் கர்னியின் கார், கடைசிச் சுற்றில் இன்ஜின் செயலிழந்து நின்றது. அவர் காரைத் தள்ளிக்கொண்டே எல்லைக்கோட்டை நோக்கிப் போனார். விதிப்படி அது செல்லாது. வெற்றி மைல்ஸ், ரூபிக்குப் போனது. ஒருவரின் துரதிர்ஷ்டம் இன்னொருவரின் கோப்பையாக மாறும் விளையாட்டு இது. அடுத்த முறை அந்தத் துரதிர்ஷ்டம் தன் பக்கம் திரும்பும் என்று மைல்ஸுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

டேடோனா, செப்ரிங் இரண்டும் கையில். லெ மான்ஸும் கிடைத்தால், மூன்று பெரிய எண்டியூரன்ஸ் பந்தயங்களையும் ஒரே ஆண்டில் ஜெயித்த ஒரே டிரைவர் என்ற பெருமை. வயது 47. இனி இப்படி ஒரு வாய்ப்பு எத்தனை முறை வரும்?

1966 லெ மான்ஸ்: என்ன நடந்தது?

விமான விபத்தில் காயமடைந்ததால் ரூபி வரவில்லை. அவருக்குப் பதில் நியூசிலாந்தின் டென்னி ஹல்ம், மைல்ஸுடன் 1-ம் எண் இளநீலக் காரில். 2-ம் எண் கறுப்புக் காரில் 28 வயது புரூஸ் மெக்லாரனும் 22 வயது கிறிஸ் ஏமனும். இவர்களும் நியூசிலாந்துக்காரர்கள். மொத்தம் எட்டு மார்க் 2 ரக ஃபோர்டு கார்கள் களத்தில். பந்தயத்தைக் கொடியசைத்துத் தொடங்கிவைத்தவர் ஹென்றி ஃபோர்டே.

தொடக்கமே மைல்ஸுக்குச் சோதனை. காரின் கதவு சரியாக மூடவில்லை. முதல் சுற்று முடிந்ததுமே பிட்டுக்கு வர வேண்டியதாயிற்று. எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். மைல்ஸ் ஒவ்வொருவராகத் தாண்டி மேலே வந்தார். மெக்லாரன் காருக்கோ டயர் பிரச்னை. டயரின் மேல்பகுதி பிய்ந்து வந்ததால், பந்தயத்தின் நடுவிலேயே வேறு நிறுவனத்தின் டயருக்கு மாறினார்கள்.

இரவு கடந்தது. மழையும் வந்தது. ஃபெராரியின் முக்கிய பி3 கார்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. ஞாயிறு காலை கர்னியின் காரும் இன்ஜின் சூடாகி நின்றது. எட்டு மார்க் 2 கார்களில் மிச்சம் மூன்றுதான். ஆனால் அந்த மூன்றும் முதல் மூன்று இடங்களில் இருந்தன. மைல்ஸ் முதலில், மெக்லாரன் இரண்டாவது. மூன்றாவது கார் 12 சுற்றுகள் பின்தங்கி.

இங்கேதான் ட்விஸ்ட்.

ஃபோர்டின் பந்தயப் பிரிவுத் தலைவர் லியோ பீபிக்கு இரண்டு கவலைகள். ஒன்று, முன்னால் இருக்கும் இரண்டு கார்களும் தங்களுக்குள் போட்டி போட்டுக் கெட்டுப்போய்விடக் கூடாது. இரண்டு, இவ்வளவு செலவு செய்து கிடைத்த வெற்றி, உலகமே பார்க்கும் ஒரு படமாக இருக்க வேண்டும். எனவே மூன்று கார்களும் ஒன்றாக எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும், முதல் இரண்டு கார்களும் சமமாக முடிக்க வேண்டும் என்று முடிவானது. மைல்ஸ் வேகத்தைக் குறைத்து, மெக்லாரன் பக்கத்தில் வரும்வரை விட்டுக்கொடுத்தார்.

அந்த 20 மீட்டர் கணக்கு

அன்றைய லெ மான்ஸில் தொடக்கமே வித்தியாசம். கார்கள் பிட் ஓரமாக வரிசையாகச் சாய்வாக நிற்கும். டிரைவர்கள் சாலையின் எதிர்ப்பக்கம் நிற்பார்கள். கொடி அசைந்ததும் ஓடி வந்து, காரில் ஏறிக் கிளம்ப வேண்டும். தகுதிச் சுற்றில் வேகமாக ஓட்டிய கார் வரிசையில் முன்னால் நிற்கும்.

மைல்ஸின் கார் முன்னால் நின்றது. மெக்லாரனின் கார் சுமார் 20 மீட்டர் பின்னால் நின்றது. இரண்டும் ஒரே நேரத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டினால், 24 மணி நேரத்தில் அதிக தூரம் ஓடியது எது? 20 மீட்டர் பின்னாலிருந்து கிளம்பிய மெக்லாரன் கார்தான்.

பந்தய அமைப்பாளர்கள் சொன்னது இதைத்தான். சமநிலை என்ற முடிவுக்கு இடமில்லை. பந்தயம் முடிவதற்கு முன்பே இந்தத் தகவல் ஃபோர்டு தரப்புக்குப் போய்விட்டது என்றும், ஆனாலும் திட்டம் மாற்றப்படவில்லை என்றும்தான் பரவலாகச் சொல்லப்படுகிறது. போதாக்குறைக்கு, எல்லைக்கோட்டில் மெக்லாரனின் கார் மூக்கு கொஞ்சம் முன்னால் இருந்தது. அவர் வேகமெடுத்தாரா, மைல்ஸ் பின்வாங்கினாரா என்ற விவாதம் 50 ஆண்டுகளைத் தாண்டியும் ஓயவில்லை.

இரண்டு கார்களும் 360 சுற்றுகள், அதாவது 4,840 கிலோமீட்டருக்கும் மேல் ஓடியிருந்தன. அதில் 20 மீட்டர் என்பது ஒரு லாரியின் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அவ்வளவுதான். தகுதிச் சுற்றில் வேகமாக ஓட்டியதே கடைசியில் மைல்ஸுக்கு எதிராகத் திரும்பியது. படத்தில் அந்த நேரத்தில் மைல்ஸைப் பார்த்து என்ஸோ ஃபெராரி மரியாதை செய்வதுபோல ஒரு காட்சி வரும். நிஜத்தில் என்ஸோ அந்தப் பந்தயத்துக்கு வரவே இல்லை.

இரண்டே மாதத்தில் சோகம்

தோல்வியின் வலி இருந்தாலும் மைல்ஸ் அணியை விட்டுப் போகவில்லை. அடுத்த ஆண்டுக்கான காரைத் தயார்செய்யும் வேலைக்குத் திரும்பினார். ஜே-கார் என்று அழைக்கப்பட்ட அந்த வண்டி, எடையைக் குறைக்கத் தேன்கூடு அமைப்புள்ள அலுமினியத் தகடுகளால் செய்யப்பட்டது.

1966 ஆகஸ்ட் 17. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு டிராக்கில் சோதனை ஓட்டம். நேர்பாதையின் முடிவில், அதிவேகத்தில் இருந்த கார் கட்டுப்பாட்டை இழந்து உருண்டு, உடைந்து தீப்பிடித்தது. தூக்கி எறியப்பட்ட மைல்ஸ் அங்கேயே உயிரிழந்தார். லெ மான்ஸ் முடிந்து சரியாக இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. விபத்துக்கான காரணம் கடைசிவரை உறுதியாகவில்லை.

ஆனால் அந்த விபத்து வீணாகவில்லை. காரின் வடிவம் மாற்றப்பட்டது. டிரைவரைச் சுற்றி உறுதியான எஃகுக் கூண்டு பொருத்தப்பட்டது. மார்க் 4 என்ற பெயரில் வந்த அந்தக் காரில்தான் 1967-ல் டான் கர்னியும் ஏ.ஜே.ஃபாய்ட்டும் லெ மான்ஸை ஜெயித்தார்கள். அதே பந்தயத்தில் இன்னொரு மார்க் 4 பெரிய விபத்தில் சிக்கியது. ஓட்டிய மாரியோ ஆண்ட்ரெட்டி விலா எலும்புக் காயங்களோடு உயிர் தப்பினார். மைல்ஸின் மரணத்துக்குப் பிறகு வந்த அந்தக் கூண்டு அப்போது காருக்குள் இருந்தது.

மெக்லாரனின் முடிவும் இதேபோலத்தான். தன் பெயரிலேயே அணி தொடங்கிய அவர், 1970 ஜூன் 2-ம் தேதி இங்கிலாந்தின் குட்வுட் டிராக்கில் சோதனை ஓட்டத்தில் இறந்தார். 1966-ல் அருகருகே எல்லைக்கோட்டைத் தாண்டிய இருவரும், பார்வையாளர் கூட்டமும் கோப்பையும் இல்லாத சோதனை நாட்களில்தான் உயிரைவிட்டார்கள்.

அப்போ, ஜெயிச்சது யாரு?

பதிவேட்டில் புரூஸ் மெக்லாரன், கிறிஸ் ஏமன். அதில் தவறில்லை. அவர்களும் அதே 24 மணி நேரத்தை, அதே மழையை, டயர் பிரச்னையோடு கடந்து வந்தவர்கள்.

ஃபோர்டு 1966 முதல் 1969 வரை தொடர்ந்து நான்கு முறை லெ மான்ஸை ஜெயித்தது. அந்த வரிசைக்கு அடித்தளம் போட்ட கார்களைத் தன் கைப்பட மெருகேற்றியவர் மைல்ஸ். எண்டியூரன்ஸ் பந்தயத்தில் அணி சொல்வதைக் கேட்பது டிரைவரின் கடமை. அதை மைல்ஸ் செய்தார். ஆனால் கேட்ட டிரைவருக்கு அணி என்ன கடன்பட்டிருக்கிறது? ஒரு புகைப்படத்துக்காக ஒருவரின் வாழ்நாள் உழைப்பைப் பணயம் வைக்கும் முன், விதிப்புத்தகத்தை ஒருமுறை சரிபார்க்கும் அளவுக்காவது கடன்பட்டிருக்கிறது. 1966-ல் தவறியது அந்த இடத்தில்தான்.

2001-ல் அமெரிக்காவின் மோட்டார் ஸ்போர்ட்ஸ் ஹால் ஆஃப் ஃபேம் பட்டியலில் மைல்ஸின் பெயர் சேர்க்கப்பட்டது. லெ மான்ஸ் வெற்றியாளர்கள் பட்டியலில் அவர் பெயர் இன்றும் இல்லை. ஆனால் 1966-ம் ஆண்டுப் பந்தயத்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் யாரும், அவர் பெயரைச் சொல்லாமல் முடிப்பதில்லை.